எவ்வளவு தூரத்தில் நிற்பது? ஷாங்க்ஸ்வில் நினைவகம்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஷாங்க்ஸ்வில்லில் பார்க்க ஒன்றுமில்லை. 2001 செப்டம்பர் 11 அன்று கடத்தப்பட்டு இங்கே விழுந்த விமானத்தில் இறந்தவர்களுக்கு நினைவகம் கட்ட வந்தவர்களுக்கு முதல் சிக்கலே அதுதான். அதே நாளில் நியூயார்க்கில் இடிந்த இரட்டைக் கோபுரங்களிலிருந்து வளைந்து முறுக்கிய இரும்புத் தூண்கள் கிடைத்தன, அவற்றின் அடித்தளச் சுவர் கிடைத்தது. அவற்றைச் சுற்றி, பூமிக்கு அடியில் ஒரு அருங்காட்சியகத்தை அமைக்க முடிந்தது. பென்சில்வேனியா மாநிலத்தின் சோமர்செட் மாவட்டத்தில், 250 பேர்கூட இல்லாத ஒரு சிற்றூருக்கு வெளியே இருந்தது வெறும் புல்வெளி. அதன் ஓரத்தில் ஹெம்லாக் மரங்கள். (சாக்ரடீஸ் குடித்த ஹெம்லாக் வேறு, அது செடி. இது ஊசியிலை மரம், பென்சில்வேனியாவின் மாநில மரம்.)

2001 செப்டம்பர் 11 காலை 10.03 மணிக்கு, யுனைடெட் 93 என்ற போயிங் 757 விமானம் மணிக்கு 563 மைல் வேகத்தில், தலைகீழாகத் திரும்பிய நிலையில் இந்த வெளியில் வந்து மோதியது. நியூவார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போகவேண்டிய விமானம். பயணிகள் 33 பேர், விமானி முதலான பணியாளர்கள் 7 பேர், கடத்தல்காரர்கள் 4 பேர். கடத்தப்பட்ட பிறகு பயணிகளும் பணியாளர்களுமாக 13 பேர் 37 முறை தரைக்கு போன் செய்திருக்கிறார்கள். நியூயார்க்கில் நடந்தது அந்த அழைப்புகள் வழியாகத்தான் அவர்களுக்குத் தெரிய வந்தது. விமானி அறையை நோக்கிப் பாய்ந்தார்கள். விமானம் விழுந்த இடத்திலிருந்து வாஷிங்டன், பறந்து போனால், இருபது நிமிடத் தூரம்.

விசாரணை முடிந்ததும் குழியை மண் போட்டு மூடிவிட்டார்கள். மேலே புல் முளைத்துவிட்டது. சாட்சியாக ஒரு சுவர்கூட நிற்காத இடத்தில் கட்டடக்கலைக்கு என்ன வேலை? பால் மர்டாக் என்ற கட்டடக்கலைஞரும் நெல்சன் பேர்ட் வோல்ட்ஸ் என்ற நிலவமைப்பு நிறுவனமும் இதற்குக் கொடுத்த பதிலை நான் இப்படிப் படிக்கிறேன்: வருகிறவர் எங்கே நிற்கவேண்டும், எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும், எந்த இடத்துக்கு மேல் போகக் கூடாது என்று முடிவு செய்வதுதான் வேலை. சுவர், பாதை, மரம் எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் சுரங்கம்

'இயற்கைச் சூழலில் அமைந்த நினைவகம்' என்று இதை எழுதுகிறார்கள். பாதிதான் சரி. இது காடும் இல்லை, காலங்காலமாக இருந்த புல்வெளியும் இல்லை. நிலக்கரி எடுத்த திறந்தவெளிச் சுரங்கம். மேல்மண்ணையும் பாறையையும் வாரிப் போட்டு, கரியை எடுத்து, வாரியதைத் திரும்ப நிரப்பி, புல் விதைத்து விட்ட நிலம். நிலத்தை அகழ்ந்த ராட்சத இயந்திரங்கள் விபத்து நடந்த பிறகும் துருப்பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றன.

இந்தப் பழைய கதை விபத்திலும் தலைகாட்டியது. நிரப்பிய மண் இளகலாக இருந்ததால் விமானம் ஆழமாக உள்ளே போய்விட்டது. பறத்தல் தரவுப் பதிவுக் கருவியை 15 அடி ஆழத்தில் எடுத்தார்கள், விமானி அறைக் குரல் பதிவுக் கருவியை 25 அடி ஆழத்தில். 'ஒன்றுமில்லை' என்று தோன்றியதற்கு ஒரு காரணம் இதுதான்: விழுந்ததில் பெரும்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது.

கரி எடுத்த நிலத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. சுரங்கத்திலிருந்து கசியும் நீர் அமிலமாகவும் இரும்புக் கறையோடும் வரும். குளங்களில் தேக்கிச் சுத்தம் செய்தாக வேண்டும். நினைவகத்தின் நடுவே சரிந்து இறங்கும் கிண்ணம் போன்ற பள்ளம் இதே வரலாற்றின் மிச்சம்தான். வடிவமைப்பாளர்கள் இதை மூடி மறைக்கப் பார்க்கவில்லை. பள்ளத்தின் வடிவத்தையே நினைவகத்தின் வடிவமாக எடுத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஒருமுறை காயப்பட்ட நிலம் என்பதை ஒப்புக்கொண்டு தொடங்கியதுதான் இந்தத் திட்டத்தின் நேர்மை என்று எனக்குத் தோன்றுகிறது.

வேலி

அரசு அசைவதற்கு முன்பே மக்கள் ஒரு நினைவிடத்தைக் கட்டிவிட்டார்கள். கட்டினார்கள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. விழுந்த இடத்தைப் பார்க்கும் ஒரு மேட்டில், 40 அடி நீளத்துக்கு ஒரு கம்பி வலை வேலி. வந்தவர்கள் அதில் தொப்பி மாட்டினார்கள், கொடி கட்டினார்கள், தீயணைப்பு வீரர்கள் சட்டை வில்லைகளைச் செருகினார்கள், குழந்தைகள் பொம்மையை விட்டுப் போனார்கள். குளிர்காலத்தில் அந்த மேட்டில் வீசும் காற்றில் பத்து நிமிடம் நிற்பதே பெரும்பாடு. ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் முறை வைத்து அங்கே நின்று, வருகிறவர்களுக்கு நடந்ததைச் சொன்னார்கள். விட்டுச் சென்ற பொருட்களைச் சேகரித்து வைத்தார்கள், ஆயிரக்கணக்கில் சேர்ந்தன.

பின்னால் வந்த அத்தனை வடிவமைப்பும் இந்த வேலியோடுதான் போட்டி போடவேண்டியிருந்தது. வேலி மலிவானது, யாருக்கும் புரிவது. எதையாவது கையால் செய்துவிட்டுப் போகும் வாய்ப்பை அது கொடுத்தது. துக்கத்தோடு வருகிறவருக்கு அந்த வாய்ப்பு எவ்வளவு முக்கியம் என்று வரைபடப் பலகை முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எளிதில் பிடிபடாது.

போட்டியும் பிறையும்

2002 செப்டம்பரில் நினைவகத்துக்கான சட்டம் கையெழுத்தானது. பிறகு இரண்டு கட்டமாக வடிவமைப்புப் போட்டி. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்டார்கள், அதிலிருந்து ஐந்து திட்டங்கள் இறுதிக் கட்டத்துக்கு வந்தன. தேர்வுக் குழுவில் இறந்தவர்களின் குடும்பத்தாரும் இருந்தார்கள். 2005 செப்டம்பரில் மர்டாக்கின் திட்டம் தேர்வானது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'அரவணைக்கும் பிறை'. பள்ளத்தின் விளிம்பு வளைவை ஒட்டிச் செந்நிற மேப்பிள் மரங்கள், நடுவில் வெட்டவெளி.

அந்தப் பெயர் வம்பில் கொண்டுபோய் விட்டது. பிறை என்றால் இஸ்லாமியச் சின்னம், கடத்தல்காரர்களுக்கு எடுத்த நினைவுச்சின்னம் இது என்று ஒரு கூட்டம் கிளம்பியது; வளைவு மெக்கா பக்கம் பார்க்கிறது என்று கோணம் அளந்து காட்டியவர்களும் உண்டு. நிலத்தின் வளைவைப் பின்பற்றினால் வேறு என்ன வடிவம் வரும்? ஆனால் நினைவகத்தைப் பொறுத்தவரை இந்த வாதம் எடுபடாது. பார்க்கிறவர் மனதில் தோன்றும் உருவமும் வடிவமைப்பின் பகுதிதான். மர்டாக் பெயரை விட்டார், மரங்களை வட்டமாக நீட்டினார். திட்டம் இதில் எதையும் இழக்கவில்லை என்பது என் கருத்து. சொல்லப்போனால் முழு வட்டம் அந்தப் பள்ளத்துக்கு இன்னும் பொருந்துகிறது.

நிலத்தைக் கைக்குக் கொண்டுவருவதற்கு 2009 வரை ஆனது. அந்த நவம்பரில் வேலை தொடங்கியது. மொத்தப் பரப்பு சுமார் 2,200 ஏக்கர். அரசுப் பணத்தோடு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தனிநபர்களின் நன்கொடையும் இதில் இருக்கிறது.

ஒரே கோடு

2,200 ஏக்கரில் கட்டடம் என்று சொல்லத்தக்கது மிகக் கொஞ்சம். ஆனால் எல்லாமே ஒரு கோட்டில் நிற்கின்றன. விமானம் கடைசியாகப் பறந்து வந்த பாதை அது. வானத்தில் சில நொடி மட்டும் இருந்து மறைந்த கோட்டைத் தரையில் கறுப்புக் கிரானைட் பாதையாக இறக்கியிருக்கிறார்கள். மேட்டில் இருக்கும் பார்வையாளர் மையத்தின் சுவர்களுக்கு நடுவே அது வெட்டிக்கொண்டு போகிறது. விளிம்புக்கு வந்ததும் தரை முடிந்துவிடுகிறது. கீழே பள்ளம். பள்ளத்தைத் தாண்டி, விழுந்த இடத்துக்கு அருகே, அதே கோடு பெயர்ச் சுவராக மறுபடி எழுகிறது. நடுவில் இருக்கும் பகுதியை உங்கள் கண்தான் இணைத்துக்கொள்ளவேண்டும்.

மையத்தின் சுவர்கள் சுமார் 40 அடி உயரம், பூசாத கான்கிரீட். நெருங்கிப் போய்க் கையை வைத்துப் பார்த்தால் அதில் மரத்தின் அச்சு தெரியும். வெட்டிச் செதுக்கிய ஹெம்லாக் கட்டைகளின் முகம், செதில் செதிலாகக் கான்கிரீட்டில் பதிந்திருக்கிறது. நம் ஊரில் சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் தெரியும் மரக்கோடுகளைப் பூச்சு வேலைக்காரர் வந்து அவசரமாக மறைத்துவிடுவார். இங்கே அந்தத் தடம்தான் மொத்த அலங்காரமும். விழுந்த இடத்தின் ஓரத்தில் நின்ற ஹெம்லாக் தோப்பின் ஒரு பகுதி அன்று தீயில் கருகியது. மரத்தை நேராக வைக்காமல் அதன் அச்சை மட்டும் வைத்தது நல்ல முடிவு. அமெரிக்காவின் கிழக்குப் பகுதி முழுக்க ஹெம்லாக்குகளை ஒரு சிறு பூச்சி சாறு உறிஞ்சிக் கொன்றுகொண்டிருப்பதை அறிந்தவர்கள் இந்தச் சுவரை இன்னொரு விதமாகவும் பார்க்கலாம்.

எனக்கு ஒரு குறை உண்டு. வெட்டவெளியில் இவ்வளவு உயரமான சுவர்கள் கொஞ்சம் பேச்சு மேடை மாதிரி ஆகிவிடுகின்றன. கீழே பள்ளத்தில் காட்டிய அடக்கம் மேலே இல்லை. ஆனால் சுவர்களுக்கு நடுவே நடக்கும்போது பக்கவாட்டில் எதுவும் தெரியாமல் மேலே வானம் ஒரு கீற்றாக மட்டும் தெரிவதற்கு அந்த உயரம் வேண்டியிருக்கிறது. விமானம் வந்த வழியை மேலே பார்க்க வைக்கும் இடம் அது ஒன்றுதான்.

சுவருக்குப் பின்னால்

அருங்காட்சியகம் இந்தச் சுவர்களின் பின்னால் ஒதுங்கியிருக்கிறது. 2015 செப்டம்பர் 10 அன்று திறந்தார்கள். பரப்பு சுமார் 6,800 சதுர அடி. நம் நகரங்களில் ஒரு நடுத்தரக் கல்யாண மண்டபத்தின் அளவு. உள்ளே பத்துப் பகுதிகள்: அன்றைய காலை, நாலு விமானங்கள், இந்த விமானத்தின் கடைசி நிமிடங்கள், விசாரணை, அதன்பின் நடந்தவை.

இதில் எதைக் காட்சிக்கு வைப்பது, எதை விடுவது என்பதில்தான் பொறுப்பு அதிகம். ஓரிடத்தில் டெலிபோன் ரிசீவர்கள் வைத்திருக்கிறார்கள். எடுத்துக் காதில் வைத்தால், விமானத்திலிருந்து வீட்டு ஆன்சரிங் மெஷினில் பதிவான குரல் கேட்கும். குடும்பங்களின் சம்மதத்தோடு வைத்தவை. ஒலிபெருக்கியில் போட்டிருந்தால் கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்க விரும்பாதவர் காதிலும் விழுந்திருக்கும். ரிசீவரை எடுப்பதா வேண்டாமா என்பது இங்கே வருகிறவர் கையில். எடுத்தால் அந்தக் குரல் உங்களுக்கு மட்டும். ஒரு காட்சிப் பொருளுக்குப் பின்னால் இருக்கும் யோசனையாக இதைவிடச் சிறப்பானதை நான் அதிகம் கண்டதில்லை.

விமானி அறையின் கடைசி முப்பது நிமிட ஒலிப்பதிவு இதுவரை பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. 2002இல் குடும்பத்தாருக்குக் கேட்கக் கொடுத்தார்கள், 2006இல் ஒரு வழக்கில் நீதிமன்றத்தில் போட்டார்கள். கேட்கவிடாமல் வைப்பதும் தூரத்தில் நிறுத்துவதன் இன்னொரு வகை.

கூடத்தைவிட்டு வெளியே வந்தால் பள்ளத்தை நோக்கி நீட்டிய மேடை, கண்ணாடித் தடுப்பு. அந்தக் கண்ணாடியில் ஒரு வரி: ஒரு நாள் இது யாரோ ஒருவரின் வயல், இனி என்றைக்கும் மதிப்புக்குரிய வயல் என்ற பொருளில். லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறை கேப்டன் ஒருவர் எழுதியது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். மையம் திறப்பதற்கு முந்தைய ஆண்டு, 2014 அக்டோபரில், பூங்காவின் அலுவலகக் கட்டடங்கள் தீப்பிடித்தன. செப்டம்பர் 11 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேல் பறந்த கொடி அதில் போனது. சேகரிப்பில் பெரும்பகுதி வேறிடத்தில் இருந்ததால் தப்பியது.

எண்களும் காற்றும்

நினைவகம் வடிவமைப்பவர்களை எண்கள் பிடித்துக்கொண்டால் விடுவதில்லை. கடத்தல்காரர்களை விட்டுவிட்டால் இங்கே இறந்தவர்கள் 40 பேர். பெயர்ப் பலகைகள் 40. தோப்புகள் 40, ஒவ்வொன்றிலும் மரங்கள் 40. நுழைவாயில் அருகே ஒரு கோபுரம். அதன் உயரம் 93 அடி, உள்ளே தொங்கும் மணிக்குழாய்கள் 40. பெயர்ப் பலகை நாற்பதாக இருப்பது அவசியம். மற்றவை கையேட்டில் படித்தால்தான் தெரியும். 93 அடிக் கோபுரத்துக்கும் 90 அடிக் கோபுரத்துக்கும் வித்தியாசம் எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

ஆனால் கோபுரத்தை எண்ணுக்காக ஒதுக்கிவிட முடியாது. அது கட்டப்பட்டதற்கான காரணம் வேறு. அந்த நாற்பது பேரில் பலரை உலகம் குரலாகத்தான் அறியும். அதனால் கடைசியாகக் கேட்டது குரல்தான் என்ற எண்ணத்திலிருந்து 'குரல்களின் கோபுரம்' பிறந்தது. வேலிக்கு முன்னால் நின்றவர்களை நடுங்க வைத்த அதே காற்றை வடிவமைப்பாளர்கள் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். வளைந்த கான்கிரீட் சுவர்களின் இடைவெளி வழியே காற்று உள்ளே வரும். அலுமினியக் குழாய்களோடு கோத்த தகடுகளை அசைக்கும். குழாய்க்குள் இருக்கும் நாக்கு அடிக்கும். ஒவ்வொரு குழாய்க்கும் வேறு வேறு சுருதி.

2018 செப்டம்பர் 9 அன்று திறப்பு விழா நடந்தபோது குழாய்களில் சில மட்டுமே பொருத்தப்பட்டிருந்தன. நாற்பதும் பொருத்தி முடிக்க 2020 ஆனது. இவ்வளவு பெரிய குழாய்களைக் காற்றால் அடிக்க வைத்து, ஒலி சேர்ந்து குழம்பாமல் பார்த்துக்கொள்வதற்கு முன்மாதிரி கிடையாது. காற்றில்லாத நாளில் வருகிறவருக்கு அது வெறும் கான்கிரீட் தூண். மோட்டார் வைத்து அடிக்கவிடாமல் இருந்ததற்குப் பாராட்டவேண்டும்.

கன்று நடும் நிலம்

கட்டடத்தைவிட மெதுவாக வளர்வது தோப்புகள்தான். முதலில் நட்ட மரங்கள் அந்தக் காற்றுக்கு ஈடுகொடுக்கத் திணறின. காற்றைத் தடுக்கக் காடு வேண்டும். காடோ அங்கே இல்லை. 2012 முதல் வசந்த காலத்தில் தொண்டர்களை வைத்துக் கன்றுகள் நடத் தொடங்கினார்கள். ஆண்டுகள் போக, ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சுரங்க நிலத்தில் மரம் நடுவது லேசான வேலை இல்லை. நிரப்பிய மண்ணின் மேலடுக்கை புல்டோசர்கள் ஏறி இறங்கிச் சாலை போல இறுக்கிவிட்டிருக்கும். புல் வரும், மரத்தின் வேர் இறங்காது. அதனால் முதலில் புல்டோசரின் பின்னால் மாட்டிய நீண்ட இரும்புக் கொழுவால் நிலத்தை ஆழமாகக் கீறிவிட்டு, கீறலை ஒட்டிக் கன்றை வைக்கிறார்கள். எந்த இயந்திரம் இறுக்கியதோ அதே இயந்திரம். உள்ளூர் மரங்கள்தான் பெரும்பாலும். நோயில் ஏறக்குறைய அழிந்துபோன அமெரிக்கச் செஸ்ட்நட்டின் நோய் தாங்கும் கன்றுகளும் அதில் உண்டு.

நட வந்தவர்களுக்கு வேலி கொடுத்த அதே வாய்ப்பு இங்கே திரும்பக் கிடைத்தது. கையால் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுப் போகலாம்.

கதவு

மேட்டிலிருந்து கீழே இறங்கினால் நினைவுத் திடல். 2011 செப்டம்பர் 10 அன்று முதலில் திறந்தது இந்தப் பகுதியைத்தான். அருங்காட்சியகத்துக்கு நாலு ஆண்டு முன்னால். இந்த வரிசை நல்லது. முதலில் இடம், பிறகு விளக்கம்.

திடலிலிருந்து பெயர்ச் சுவர் வரை ஏறக்குறைய கால் மைல் நடக்கவேண்டும். நிழல் கிடையாது. ஒரு பக்கம் உயரம் குறைந்த, சாய்ந்த கறுப்புச் சுவர். அதற்கு அப்பால் விமானம் விழுந்த வயல். தாண்ட நினைத்தால் யாரும் தாண்டிவிடலாம், அவ்வளவு தாழ்வு. ஆனால் தாண்டத் தோன்றாது. அந்தச் சுவரில் இடைவெளி விட்டு மாடங்கள் வைத்திருக்கிறார்கள், வருகிறவர்கள் பூவையோ கடிதத்தையோ வைத்துவிட்டுப் போக. வேலியில் தொங்கிய தொப்பிகளுக்கு நிரந்தரக் கட்டடத்தில் கிடைத்த இடம் இது. விளக்கு மாடத்தை மாடப்பிறை என்றும் சொல்லும் நமக்கு ஒரு சின்ன வேடிக்கை: பெயரிலிருந்து துரத்திய பிறை சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டது.

பெயர்ச் சுவர் தூரத்தில் ஒரே வெள்ளைச் சுவராகத் தெரியும். பக்கத்தில் வந்தால் நாற்பது பளிங்குப் பலகைகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், லேசாக விலகி நிற்கின்றன. நாற்பது தனி ஆட்கள், ஒரே வரிசை. ஒரு ஜப்பானிய மாணவரின் பலகையில் அவர் பெயர் ஜப்பானிய எழுத்திலும் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயருக்குக் கீழே, இன்னும் பிறக்காத குழந்தையும் என்று சேர்த்திருக்கிறார்கள். நாற்பது என்ற கணக்கு அந்த ஒரு வரியில் தடுமாறுகிறது. தடுமாறட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கறுப்புப் பாதை பலகைகளின் கூடவே வந்து ஒரு கதவில் முட்டுகிறது. செதுக்கிய ஹெம்லாக் கட்டைகளால் ஆன கதவு. மேலே கான்கிரீட்டில் அச்சாகப் பார்த்தது இங்கே மரமாகவே நிற்கிறது. குடும்பத்தார் வரும்போது திறப்பார்கள், மற்ற நாளில் பூட்டியிருக்கும். 2011 செப்டம்பர் 12 அன்று, அடையாளம் காண முடியாத உடற்பகுதிகளை மூன்று பெட்டிகளில் வைத்து அந்த வயலில் அடக்கம் செய்தார்கள். அதற்கும் முன்பிருந்தே அது இடுகாடுதான்.

குழி இருந்த இடத்தின் ஓரத்தில் ஒரு மணற்பாறை வைத்திருக்கிறார்கள், 17 டன்னுக்கு மேல் எடை. செதுக்கவில்லை, எழுத்தும் இல்லை. நடுகல் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. கிட்டே போக முடியாது. வருகிறவர்கள் கதவின் கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் இடுக்கில் முகத்தை வைத்துப் பார்க்கிறார்கள். வெட்டிவிட்ட புல், கொஞ்ச தூரத்தில் அந்தப் பாறை, பின்னால் ஹெம்லாக் மரங்கள்.